ஜன்னலைச் சாத்திக்கோங்க சார்: மலை விடுதி அறையில் கேஸ் ஹீட்டர் ஏன் கூடாது?

ஒரு டிசம்பரில் ஊட்டிப் பக்கம் காட்டேஜ் எடுத்திருந்தோம். ராத்திரி பத்து மணி இருக்கும். கதவைத் தட்டி ஒரு தம்பி, காளான் மாதிரி தலை விரிந்த ஆளுயர கேஸ் ஹீட்டர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். சாயங்காலம் அதே ஹீட்டர் புல்வெளியில் டேபிள்களுக்கு நடுவே எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்திருந்தேன்.

"தம்பி, இது வெளியில வைக்கிறதுதானே?"

"ஆமா சார். ஆனா எல்லாரும் ரூமுக்கும் கேக்குறாங்க. ஜன்னலை நல்லா சாத்திக்கோங்க, சூடு வெளிய போகாது."

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல மனசோடுதான் சொன்னார். அவருக்கு யாரும் எதையும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். ஆனால் "ஜன்னலைச் சாத்திக்கோங்க" என்ற அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு நேபாளத்தின் தாமன் ஞாபகம் வந்தது.

2020 ஜனவரி. கேரளாவிலிருந்து நேபாளம் போன 15 பேர், பொக்காராவைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் தாமன் என்ற மலையூரில் ஒரு விடுதியில் தங்கினார்கள். அவர்களில் எட்டுப் பேர் ஒரே அறையில் படுத்தார்கள். இரண்டு தம்பதிகள், நான்கு குழந்தைகள். குளிர் தாங்கவில்லை. வெளிப்புறத்தில் பயன்படுத்த வேண்டிய கேஸ் ஹீட்டர் அறைக்குள் வந்தது. கதவு, ஜன்னல் எல்லாம் உள்பக்கம் தாழிட்டிருந்தன. காலையில் எட்டுப் பேரும் மயங்கிக் கிடந்தார்கள். ஹெலிகாப்டரில் காத்மாண்டுவுக்குக் கொண்டுபோயும் ஒருவரைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை.

அங்கே சிலிண்டர் வெடிக்கவில்லை. தீப்பிடிக்கவில்லை. ஹீட்டர் தன் வேலையைத்தான் செய்தது. அதை வைத்த இடம்தான் தப்பு.

நெருப்பு எவ்வளவு காற்று சாப்பிடும்?

தாமன் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர். கிட்டத்தட்ட ஒரே உயரம். சென்னைக் காற்றோடு ஒப்பிட்டால் இங்கே காற்றின் அடர்த்தி சுமார் கால் பங்கு குறைவு. இதை மனசில் வைத்துக்கொண்டு ஒரு சின்னக் கணக்குப் போடலாம்.

புல்வெளியில் வைக்கும் காளான் ஹீட்டரின் சக்தி பொதுவாக 12, 13 கிலோவாட். வீட்டு அடுப்பின் ஒரு பர்னர் சுமார் 2 கிலோவாட்தான். அதாவது ஆறு பர்னரை முழுத் தீயில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே படுத்துத் தூங்குவதற்குச் சமம். யாராவது அப்படிச் செய்வோமா? ஆனால் "ஹீட்டர்" என்று பெயர் வைத்துவிட்டால் செய்துவிடுகிறோம்.

முழுத் தீயில் இது ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 900 கிராம் எல்பிஜி எரிக்கும். ஒரு கிலோ எல்பிஜி ஒழுங்காக எரிய 15 கிலோவுக்கு மேல் காற்று வேண்டும். ஆக, ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 14 கிலோ காற்று. நம் காட்டேஜ் அறை 12 அடிக்கு 12 அடி, உயரம் 9 அடி என்று வையுங்கள். ஊட்டி உயரத்தில் அந்த அறைக்குள் இருக்கும் மொத்தக் காற்றே சுமார் 34 கிலோதான்.

அறையை இறுக்கிச் சாத்தினால், 21 சதவீதமாக இருக்கும் ஆக்சிஜன் 18 சதவீதத்துக்கு இறங்க ஏறக்குறைய 20 நிமிடம் போதும். கதவிடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று வரும், தீயைக் குறைத்து வைப்போம், சரி, ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி எட்டு மணி நேரமாச்சே!

இந்த 18 சதவீதம்தான் திருப்புமுனை. ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைந்தால் கேஸ் முழுசாக எரியாது. கார்பன் டை ஆக்சைடாக மாற வேண்டியது பாதியில் நின்று கார்பன் மோனாக்சைடாக வெளியே வரும். அறைக்குள் வைப்பதற்கென்றே செய்த நல்ல கேஸ் ஹீட்டர்களில், ஆக்சிஜன் ஏறக்குறைய இந்த அளவுக்கு வந்ததும் தானாக அணையும் பாதுகாப்பு இருக்கும். புல்வெளி ஹீட்டருக்கு அது எதற்கு? திறந்த வானம் இருக்கிறதே. அதில் இருப்பதெல்லாம் சாய்ந்து விழுந்தால் அணைவதற்கும், தீ அணைந்தால் கேஸை நிறுத்துவதற்குமான ஏற்பாடுதான்.

மூக்கை நம்பாதீங்க

"கேஸ் லீக் ஆனா ஸ்மெல் வருமே" என்று நிறைய பேர் சொல்வார்கள். வரும். எரியாத எல்பிஜிக்கு. அதற்காகவே அதில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். ஆனால் எரியும்போது அந்த நாற்றமும் எரிந்துவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, கண் எரிச்சல்கூட இல்லை.

ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜன் ஒட்டுவதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இது ஒட்டிக்கொள்ளும். காற்றில் 800 பிபிஎம் இருந்தால் முக்கால் மணி நேரத்தில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல்; இரண்டு மூன்று மணி நேரத்தில் உயிரே போகலாம். 1,600 பிபிஎம் என்றால் ஒரு மணி நேரத்துக்குள்.

மலையில் இதில் இன்னொரு சிக்கல். 36 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவருக்குத் தலை சுற்றினால், வாந்தி வந்தால், தூக்கம் சொக்கினால் என்ன நினைப்போம்? "டிராவல் டயர்டு, படுத்தா சரியாயிடும்" என்போம். படுப்பதுதான் ஆபத்து.

இன்னொன்று. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்த்து 98 காட்டுகிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஒட்டியதையும் அந்தச் சாதாரணக் கருவிக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

புகைக்குழாய் இருந்தால் போதுமா?

அறையைச் சூடாக்கும் கேஸ் கருவிகளில் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. புகைக்குழாய் இல்லாதவை முதல் வகை. எரிந்த காற்று அறைக்குள்ளேயே கிடக்கும். அடுத்தது, புகையைக் குழாய் வழியாக வெளியேற்றுபவை. ஆனால் எரிவதற்கான காற்றை அறையிலிருந்துதான் இழுக்கும். இருப்பதில் நல்லது, எரிக்க வேண்டிய காற்றையும் வெளியிலிருந்து எடுத்துப் புகையையும் வெளியில் விடும் வகை. குழாய்க்குள் குழாய் வைத்து, தீயை அறைக் காற்றோடு சம்பந்தமே இல்லாமல் பூட்டி வைத்திருப்பார்கள்.

குளிர் நாடுகளின் பெரிய கூடங்களிலும் கிடங்குகளிலும் கேஸ் எரித்துச் சூடாக்கிய காற்றை விசிறியால் உள்ளே தள்ளுவார்கள். அங்கே ஒரு விதி உண்டு: விசிறி ஓடிக் காற்று நகர்வதை ஒரு சுவிட்ச் உறுதி செய்தால்தான் பர்னருக்குக் கேஸே போகும். காற்று நின்றால் தீ நிற்க வேண்டும். யாரும் ஞாபகம் வைத்து ஜன்னல் திறக்கத் தேவையில்லை. நம் ஊர் கோழிப் பண்ணைக்காரர்கள் இதைக் கையாலேயே செய்கிறார்கள். குஞ்சுகளுக்கு கேஸ் புரூடர் போட்டாலும் திரையின் மேல்பக்கம் கொஞ்சம் இடைவெளி விடுவார்கள். கோழிக் குஞ்சுக்குக் கிடைக்கும் அந்த அக்கறை, வாடகை கொடுத்துத் தங்குபவருக்குக் கிடைக்க வேண்டாமா?

புகைக்குழாய் இருந்தாலும் பொருத்துவதில் கோட்டை விட்டால் அதே கதிதான். 2018 டிசம்பரில் தென்கொரியாவின் கங்னுங் ஊர் விடுதியில், கல்லூரி நுழைவுத்தேர்வு முடித்துவிட்டு ஜாலியாகத் தங்க வந்த பத்துப் பள்ளி மாணவர்களில் மூன்று பேர் இறந்தார்கள். ஏழு பேர் உயிருக்குப் போராடிப் பிழைத்தார்கள். அங்கே இருந்தது முறையான கேஸ் பாய்லர். அதன் புகைக்குழாய் இணைப்பு கழன்றிருந்தது. தகுதி இல்லாதவர் அதைப் பொருத்தியிருந்தார் என்று விசாரணையில் தெரியவந்தது. கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லை. பொருத்தியவர், பரிசோதித்தவர், விடுதி நடத்தியவர் என்று வரிசையாக வழக்குப் பதிவானது. புதிதாக கேஸ் பாய்லர் வைத்தால் அலாரமும் வைத்தாக வேண்டும் என்று 2020-இல் அங்கே சட்டம் நடைமுறைக்கு வந்தது.

பராமரிப்பு என்றதும் நம் ஆட்கள் சிலிண்டர், ரப்பர் டியூப் இரண்டை மட்டும் பார்ப்பார்கள். டியூபில் அச்சிட்ட காலாவதித் தேதியைப் பார்ப்பதும், இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதும் அவசியம்தான். அதோடு வருஷத்துக்கு ஒருமுறை பர்னரைக் கழற்றித் தூசி, சிலந்திக்கூடு எடுக்க வேண்டும். சிலந்தி சின்னப் பூச்சிதான். ஆனால் கேஸும் காற்றும் கலக்கும் துளையில் வலை பின்னினால் நீலத் தீ மஞ்சளாகிவிடும். மஞ்சள் தீ, கரி படிதல், ஜன்னல் கண்ணாடியில் அளவுக்கு மீறி நீர் கோத்தல் மூன்றுமே எச்சரிக்கைகள். புகைக்குழாயின் ஒவ்வொரு இணைப்பையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. தீ அணைந்தால் கேஸை நிறுத்தும் சென்சார் பழுதானால், சில மெக்கானிக்குகள் "டைரக்ட் பண்ணிட்டேன் சார், இனி பிரச்சினை இல்ல" என்பார்கள். பிரச்சினை அங்கேதான் ஆரம்பம்.

பொறுப்பு விருந்தினருடையதா?

என் கருத்து இதுதான்: புகைக்குழாய் இல்லாத கேஸ் ஹீட்டரைப் படுக்கை அறைக்குள் விடுதிக்காரர்கள் தரவே கூடாது. "ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைங்க" என்று சொல்லித் தருவதும் சரியில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு, ஐந்து டிகிரி குளிரில், எந்த மனிதரும் ஜன்னலைத் திறந்து வைக்க மாட்டார். தூங்குகிறவரின் ஞாபகத்தை நம்பி நிற்பது பாதுகாப்பு ஏற்பாடே இல்லை.

விடுதிக்காரர்கள் பக்கமும் கஷ்டம் இருக்கிறது. மலையில் கரன்ட் அடிக்கடி போகும், வோல்டேஜ் குறையும், பத்து அறையில் பத்து எலெக்ட்ரிக் ஹீட்டர் போட்டால் மெயின் டிரிப் ஆகும். வருகிறவர்களும் "ஹீட்டர் இல்லையா? ரிவ்யூல போடுறேன்" என்று மிரட்டுவார்கள். அதற்கும் வழி இருக்கிறது. கேஸ் ஹீட்டர் வெளி வராந்தாவோடு நிற்கட்டும். படுக்கைக்குக் கனமான ரஜாய், வெந்நீர்ப் பை, குறைந்த கரன்ட் இழுக்கும் மின் கம்பளி. வசதி உள்ளவர்கள் தீயைத் தனியாகப் பூட்டிய வகை ஹீட்டரைத் தகுதியான ஆளை வைத்துப் பொருத்தட்டும். அறைக்கு ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் எப்படியும் வேண்டும். விடுதி உரிமம் தரும்போது தீயணைப்பான் இருக்கிறதா என்று கேட்பது போல இதையும் கேட்கலாம். அரசு கேட்கும்வரை நாம் கேட்போம். வைஃபை, பார்க்கிங், கேம்ப்ஃபயர் என்று தேடும் புக்கிங் ஆப்களில் சிலவற்றில் இந்த அலாரம் இருக்கிறதா என்றும் காட்டுகிறார்கள். அதை யாரும் கிளிக் செய்து பார்ப்பதில்லை.

வாங்கும்போது ஒரு குழப்பம் வரும். கேஸ் லீக் டிடெக்டர் வேறு, கார்பன் மோனாக்சைடு அலாரம் வேறு. எல்பிஜி காற்றைவிடக் கனம் என்பதால் அதன் டிடெக்டர் தரைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு ஏறக்குறைய காற்றின் எடைதான். அதன் அலாரம் படுத்திருப்பவர் மூச்சு விடும் உயரத்தில் இருக்கலாம். சென்சாருக்கு ஆயுள் உண்டு, தேதி பார்த்து மாற்ற வேண்டும். கரி அடுப்புக்கும் பார்பிக்யூவுக்கும் இதே கதைதான். அணைந்த மாதிரி தெரியும் கரியை அறைக்குள் கொண்டுவந்து வைப்பது இன்னும் மோசம்.

கேஸோ கரியோ எரியும் அறையில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேருக்குத் தலைவலி, குமட்டல் வந்தால் யோசிக்காதீர்கள். கதவைத் திறந்து எல்லோரும் வெளியே வாருங்கள். போகிற வழியில் முடிந்தால் வால்வை மூடுங்கள். 108-க்கு அழையுங்கள். மருத்துவரிடம் முதல் வார்த்தையாக "ரூம்ல கேஸ் ஹீட்டர் எரிஞ்சுது" என்று சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் அவர் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு பார்க்கச் சொல்வார். உடனே ஆக்சிஜன் மாஸ்க் போடுவார். சாதாரணக் காற்றில் ரத்தத்திலிருந்து அந்த விஷம் பாதி இறங்க நான்கு, ஐந்து மணி நேரம் ஆகும். சுத்த ஆக்சிஜனில் ஒன்று, ஒன்றரை மணி நேரம்.

அன்றைக்கு அந்தத் தம்பியிடம் ஹீட்டரைத் திருப்பி எடுத்துப் போகச் சொல்லிவிட்டு, கூடுதலாக மூன்று கம்பளி கேட்டேன். விசித்திரமாகப் பார்த்தார், ஆனாலும் கொண்டுவந்து கொடுத்தார். காலையில் ரிசப்ஷனில் பில்லைப் பார்த்தால் "ஹீட்டர்: 500" என்று போட்டிருந்தது. அடிக்கச் சொன்னேன். மேனேஜர் அடித்துவிட்டு, "ஏன் சார், வேலை செய்யலையா?" என்று கேட்டார்.