கடவுளா? குழாயா?

வாந்திபேதி என்னும் காலராவைத் தெய்வ கோபமென்று சொல்லிக் கூழ் ஊற்றியும் பொங்கல் வைத்தும் விரட்டப் பார்த்தவர்கள் நம் நாட்டுப் பாமர ஜனங்கள் மாத்திரந்தான் என்று யாரும் எண்ண வேண்டாம். இங்கிலாந்திலும் இதே கூத்துத்தான் நடந்தது. 1832-ம் வருஷம் அந்நோய் அங்கு பரவியபோது, மார்ச்சு மாதம் 21-ந் தேதியை உபவாச நாளென்று சர்க்காரே பிரகடனம் செய்து, ஜனங்களை மாதாகோவிலில் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். தினமும் பட்டினி கிடந்த லண்டன் தொழிலாளர்கள் அதைப் பரிகாசம் செய்து ஊர்வலம் போனார்கள். உபவாசத்திற்குப் பயந்து காலரா ஓடிவிட்டதா? 1848-ல் திரும்பவும் வந்தது, 1853-லும் வந்தது.

அந்த 1853-ல் எடின்பரோ பாதிரிமார், இம்முறையும் உபவாச நாள் உண்டா என்று உள்நாட்டு மந்திரி பாமர்ஸ்டன் பிரபுவைக் கேட்டார்கள். அவர் நாஸ்திகருமல்லர், தொழிலாளர் தோழருமல்லர். அப்படிப்பட்டவரே, ஏழைகள் வசிக்கும் சந்துகளின் அசுத்தத்தை முதலில் நீக்குங்கள், அதைச் செய்யாமல் எவ்வளவு ஜெபமும் உபவாசமும் செய்தாலும் பயனில்லை என்று பதில் எழுதச் செய்தார்.

நிற்க, மறு வருஷம் தெற்கு லண்டனில் நடந்ததைக் கவனியுங்கள். அங்கு தண்ணீர் விற்றவை இரண்டு கம்பெனிகள். சவுத்வார்க்-வாக்ஸால் கம்பெனி, நகரத்துச் சாக்கடைகளெல்லாம் விழும் தேம்ஸ் நீரைப் பாட்டர்ஸீயில் இறைத்துக் கொடுத்தது. லாம்பெத் கம்பெனி 1852-லேயே சாக்கடைக்கு மேலே தேம்ஸ் டிட்டன் என்னும் இடத்திற்குப் போய்விட்டது. அநேக வீதிகளில் இரண்டு குழாய்களும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. ஒரே வீதி, ஒரே காற்று, ஒரே மாதாகோவில், ஒரே ஆண்டவன்! தண்ணீர் மாத்திரம் வேறு.

ஜான் ஸ்நோ என்ற டாக்டர், கூலித் தொழிலாளியின் மகன், செத்தவர்கள் குடித்தது எந்தக் குழாய்த் தண்ணீர் என்று வீடு வீடாகப் போய் விசாரித்தார். பல வீட்டாருக்குத் தங்கள் கம்பெனியின் பெயரே தெரியாது. ஆகவே தண்ணீரிலுள்ள உப்பைச் சோதித்துக் கண்டுபிடித்தார். சாக்கடை நீரில் உப்பு ஏறக்குறைய நாற்பது பங்கு அதிகம். முதல் ஏழு வாரக் கணக்குப்படி, பதினாயிரம் வீட்டுக்குச் சவுத்வார்க் குழாயில் 315 பேர் செத்தார்கள். லாம்பெத் குழாயில் 37 பேர்.

பாதிரிகளை நாம் கேட்கின்றோம்: உங்கள் கடவுள் கம்பெனி ரசீதைப் பார்த்துத்தானா பிராணனை வாங்கினார்?

பாதிரிகளை மாத்திரம் சொல்லுவானேன்? படித்த டாக்டர்களும் துர்நாற்றக் காற்றே காரணமென்று சாதித்து ஸ்நோவைப் புறக்கணித்தார்கள். அவர் 1858-ல் செத்தே போனார். முதலாளிகளோ சட்டம் வந்து இழுத்தாலொழிய நகரவில்லை. டெட்டிங்டனுக்கு மேலேதான் தேம்ஸ் நீரை எடுக்க வேண்டுமென்று 1852-ல் சட்டமாகி, 1855-க்குள் தவணையும் விதித்த பிறகே சவுத்வார்க் கம்பெனி இடம் மாறிற்று.

இவ்வளவிற்குப் பிறகும் 1866-ல் கிழக்கு லண்டன் ஏழைகள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அப்பகுதிக் கம்பெனியின் என்ஜினீயர், வடிகட்டாத தண்ணீர் ஒரு சொட்டும் கொடுக்கவில்லை என்று பத்திரிகைக்கு எழுதினார். ஆனால் வீட்டுக் குழாய்களில் விலாங்கு மீன் வந்து விழுந்திருந்தது! பிறகு விசாரித்ததில், ஓல்டு போர்டிலிருந்த திறந்த குளத்து நீரைக் குழாயில் விட்டது வெளியாயிற்று. அப்படியும் இந்தக் கம்பெனிகளின் கையிலிருந்த தண்ணீர் பொது நிர்வாகத்திற்கு வந்து சேர 1904-ம் வருஷமாயிற்று.