பூனைக்கு வந்த யமன்

பூனை வளர்ப்பவர்கள் வைத்தியர் வாயிலிருந்து கேட்க அஞ்சும் மூன்று எழுத்துக்கள் உண்டு. எப். ஐ. பி. என்று மேனாட்டு வைத்தியர்கள் சுருக்கமாகச் சொல்லும் அந்த வியாதிக்கு, வயிற்றின் உட்சவ்வில் உண்டாகும் தொற்று அழற்சி என்று பொருள். இரண்டு வயதுகூட நிரம்பாத குட்டி, நேற்றுவரை திரைச்சீலையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது, இன்று ஒரு மூலையில் சுருண்டு படுத்துக்கொள்ளும். சுரம் அடிக்கும், வழக்கமான மருந்து எதற்கும் இறங்காது. பால் கிண்ணத்தைத் திரும்பியும் பாராது. முதுகெலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் என்னும்படி உடல் மெலியும். வயிறு மட்டும் நாளுக்கு நாள் பருக்கும். “சாப்பிடாமலே தொந்தி போடுகிறதே!” என்று வீட்டார் வியப்பார்கள். வைத்தியர் ஊசி செலுத்திப் பார்த்தால், வைக்கோல் நிறத்தில் பிசுபிசுப்பான நீர் வரும். அதன்பின் அவர் சொல்லுவது ஒன்றுதான்: “இதற்கு மருந்தில்லை. வேதனைப்படாமல் உயிர் போக வழி செய்வதுதான் நாம் காட்டக்கூடிய கருணை.”

1963-ல் பாஸ்டன் நகரில் ஜீன் ஹோல்ஸ்வொர்த் என்ற பெண்மணி இந்நோயை விவரித்து எழுதினார். அன்று முதல் அரை நூற்றாண்டுக்கு மேல், பிராணி வைத்தியர்கள் சொன்ன தீர்ப்பு அதுவே.

இவ்வியாதியில் விசித்திரம் என்னவென்றால், இதற்கு மூலமான வைரஸ் அப்படியொன்றும் கொடியதன்று. பூனைகளுக்கென்றே உள்ள கொரோனா வைரஸ் அது. கூட்டமாகப் பூனைகள் வாழும் இடங்களில் மலத்தின் வழியாகப் பரவி, குடலில் தங்கி, சிறிது கழிச்சலை உண்டாக்கும். பல பூனைகளுக்கு அதுவுமில்லை. ஆனால் வெகு சில பூனைகளின் உடலுக்குள்ளேயே அது வடிவம் மாறுகிறது. மாறியபின் குடலை விட்டு, இரத்தத்தில் காவல் காக்கும் வெள்ளையணுக்களுக்குள் புகுந்துகொள்கிறது. கிருமிகளை விழுங்கி அழிக்கவேண்டிய காவலாளியே கள்ளனைத் தோளில் சுமந்துகொண்டு ஊரெல்லாம் சுற்றினால் என்ன ஆகும்? இரத்தக் குழாய்கள் அழற்சி கண்டு நீர் கசிகிறது. நீர் கோக்காத மற்றொரு வகையும் உண்டு. அது கண்ணையோ மூளையையோ தாக்கும். ஆகவே ஒரு வீட்டில் ஒரு பூனை இந்நோயால் மடிந்தால், கூட இருந்த பூனைதான் யமனை அழைத்துவந்தது என்று அதை விரட்டியடிப்பது நியாயமன்று. மாறிய வைரஸ் பொதுவாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதில்லை. மனிதருக்கு அது ஒட்டுவதும் இல்லை.

கலிபோர்னியாவில் டேவிஸ் நகரத்து ஸர்வகலாசாலையில் நீல்ஸ் பெடர்ஸன் என்ற பேராசிரியர் பல பத்தாண்டுகள் இந்த வியாதியுடன் மல்லுக்கு நின்றார். கிலியட் என்ற அமெரிக்க மருந்துக் கம்பெனியின் ரசாயனங்களில் ஜி.எஸ். 441524 என்று எண்ணிட்ட ஒன்று கடைசியில் அவர் கைக்கு வந்தது. பெயர் ரயில் வண்டியின் இலக்கம்போல் இருக்கிறது, செய்கையோ சூக்ஷ்மமானது. வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்வது, பூத் தொடுப்பவள் ஒவ்வொரு பூவாக எடுத்து நாரில் கட்டுவது போன்ற காரியம். இந்த ரசாயனம் அசல் பூவைப் போலவே தோற்றமளிக்கும் போலிப் பூ. கைதவறி அதைக் கட்டிவிட்டால் மாலை பாதியில் நின்றுவிடும். வைரஸின் வம்சமும் அத்துடன் நிற்கும்.

2019-ல் வெளியான பெடர்ஸனின் ஆராய்ச்சியில், வீடுகளில் தாமாக நோய் கண்ட 31 பூனைகளுக்கு இம்மருந்து தரப்பட்டது. தினம் ஓர் ஊசி. குறைந்தது 84 நாள். அவற்றில் 26 பூனைகள் சிகிச்சையை முடித்தன. 25 பூனைகள் நெடுநாள் நலமாக வாழ்ந்தன. சாவு ஒன்றே முடிவு என்றிருந்த நோயில் இது எத்தகைய செய்தி என்று சொல்லவேண்டுமா? சுரம் ஓரிரு நாட்களில் தணிந்தது. படுத்த பிராணிகள் எழுந்து உண்ணத் தொடங்கின.

ஆனால் மருந்து கடைக்கு வரவில்லை! அதன் உறவுமுறை மருந்தான ரெம்டெசிவிரை மனிதருக்கென்று அந்தக் கம்பெனி வளர்த்துக்கொண்டிருந்தது. பூனைகளிடம் ஏதாவது தீங்கு தென்பட்டால், மனித மருந்தின் அனுமதிக்கு இடைஞ்சல் வருமென்ற அச்சமே தயக்கத்துக்குக் காரணமென்று அந்நாளில் எழுதப்பட்டது. பூனைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? மருந்தின் ரசாயன அமைப்பு அச்சில் வந்துவிட்டபடியால், சீனாவில் சிலர் அதைத் தயாரித்துக் கள்ளத்தனமாக விற்றனர். உலகமெங்கும் சாதுவான குடும்பஸ்தர்கள், பள்ளி உபாத்தியாயினிகள், பாட்டிமார்கள் எல்லோரும் கள்ளச்சந்தை வியாபாரிகளுக்கு ஆயிரக்கணக்கான டாலர் அனுப்பி, பெயர்ச்சீட்டை நம்பமுடியாத சிறு குப்பிகளை வாங்கித் தங்கள் கையாலேயே ஊசி போட்டார்கள். மிகுந்த எரிச்சல் தரும் ஊசி. வைத்தியர்களோ சட்டத்துக்கு அஞ்சி ஒதுங்கி நின்றனர். அறிவு கிடைத்தும் அனுமதி கிடைக்காமல் போன அந்த ஆண்டுகளில் எத்தனையோ பிராணிகள் வீணில் மாண்டன. கம்பெனியின் கணக்கு கம்பெனிக்குச் சரியாயிருக்கலாம். எனக்கு அது ஒப்பவில்லை.

இங்கிலாந்தில் 2021-ல் வைத்தியர் சீட்டின் பேரில் முறைப்படி மருந்து கிடைக்க வழி பிறந்தது. அமெரிக்காவில் 2024-ல்தான் அரசாங்க மருந்து இலாகா சற்றுக் கண்ணை மூடிக்கொண்டு, மருந்தகங்கள் தயாரித்துக் கொடுக்க இடமளித்தது.

இதற்கிடையே சைப்ரஸ் தீவில் நடந்ததைச் சொல்லாமல் இருக்கமுடியாது. அத்தீவுக்கும் பூனைக்கும் உள்ள தொடர்பு மிகப் பழமையானது. மனிதனுக்கு அருகே புதைக்கப்பட்ட சுமார் 9,500 ஆண்டுக்கு முந்திய பூனையின் எலும்புக்கூடு அங்கே அகப்பட்டிருக்கிறது. 2023-ல் அந்தத் தீவில் இவ்வியாதி காட்டுத்தீபோல் பரவியது. பூனையின் வைரஸும் நாயின் வைரஸும் கலந்து பிறந்த புது வகை அது. இது மட்டும் ஒரு பூனையிலிருந்து மற்றொன்றுக்கு நேராகவே பரவக்கூடியதாகக் காணப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் அந்நாட்டுச் சர்க்கார், மனிதரின் கொரோனா நோய்க்கென்று சேமித்து வைத்திருந்த மாத்திரைகளைப் பூனைகளுக்குத் தர முடிவு செய்தது. பிரஜைகளுக்கு வாங்கிய மருந்தைத் தெருப் பூனைக்கு ஈந்த சர்க்கார் சரித்திரத்தில் வேறு உண்டோ என்னவோ!

இப்போது ஊசி வேண்டியதில்லை, மாத்திரையே போதுமானதாயிருக்கிறது. ஜெர்மனியில் மூனிக் நகரத்து ஸர்வகலாசாலையார், வயிற்றிலோ மார்பிலோ நீர் கோத்த 40 பூனைகளைக் கொண்டு 2024-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 84 நாளுக்குப் பதில் 42 நாள் சிகிச்சையும் அதே பலன் தருவதாகக் கண்டனர். இது நீர் கோத்த வகைக்கு, அதுவும் வைத்தியர் அடிக்கடி இரத்தம் சோதித்துவரும்போதுதான். கண்ணையும் மூளையையும் தொட்ட நோய்க்கு அதிக அளவு மருந்து வேண்டும். குட்டி தேறி எடை ஏறஏற மருந்தின் அளவையும் ஏற்றவேண்டும். ஆகையால் வாரம் ஒருமுறை தராசில் வைப்பது அவசியம். பூனை ஓடியாடத் தொடங்கிவிட்டதே என்று பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும்.

நோயை அறிய ஒரு சுலபமான சோதனையும் உண்டு. சோதனைக் குழாயில் வடித்த நீர் எடுத்து, காடியின் சாரமான அசெடிக் அமிலத்தை ஒரு துளி கலந்து, பூனையின் வயிற்றிலிருந்து எடுத்த நீரில் ஒரு துளியை மேலே மெதுவாக விடுவார்கள். துளி கரைந்து மறைந்தால் பெரும்பாலும் இந்நோய் இல்லை. கரையாமல் உருண்டு நின்றால், அல்லது வெண்ணூலாக மெல்லக் கீழே இறங்கினால், சந்தேகம் பலக்கிறது. வேறு சில நோய்களிலும் அப்படி நிற்குமாதலால் மேற்கொண்டு பரீக்ஷை செய்வார்கள். அந்தத் துளி நிற்கிறதா கரைகிறதா என்று வைத்தியரிடம் கேட்டறிந்துகொண்ட பிறகே, குட்டியை முடித்துவிடும் பேச்சுக்கு வீட்டார் செவிகொடுக்கலாம்.