நாலு சனிக்கிழமைக்கு ஒரு ரீசார்ஜ்

சனிக்கிழமை ராத்திரி எட்டரைக்கு மேல் திருப்பூரில் எங்கள் தெருமுனை ரீசார்ஜ் கடையில் நிற்க இடம் இருக்காது. பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிஃப்ட் முடிந்து வாரச் சம்பளம் கைக்கு வந்திருக்கும். தலையில் பஞ்சுத் தூசியோடு கட்டிங் பையன்கள், ஓவர்லாக் ஓட்டுகிறவர்கள், செக்கிங் அக்காக்கள் என்று எல்லோரும் அங்கேதான். கடைக்காரரின் அப்பா காலத்தில் அதே அறையில் எஸ்.டி.டி. பூத் நடந்தது. அந்தக் கண்ணாடிக் கூண்டு இன்னும் இருக்கிறது. உள்ளே இப்போது மொபைல் கவர்கள் தொங்குகின்றன.

28 நாள் வேலிடிட்டி மேல் எனக்கு நெடுநாளாக ஒரு கடுப்பு. வருசத்துக்கு 12 மாசம்தான், ரீசார்ஜ் மட்டும் 13 தடவை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயே 2022 ஜனவரியில் தலையிட்டு, 30 நாள் பிளான் ஒன்றாவது எல்லாக் கம்பெனியும் வைத்தாக வேண்டும் என்றது. இதைக் கடைக்காரரிடம் ஒரு நாள் பொரிந்து தள்ளினேன். அவர் கார்டைச் சுரண்டுவதுபோல மேஜையைச் சுரண்டியபடி, "அது மாசச் சம்பளக்காரருக்குங்ணா. இங்க மாசம்னா நாலு சனிக்கெழமதானுங்க" என்றார். 28 நாள் பிளான் என்றால் நாலு சம்பளம். 84 நாள் பிளான் என்றால் பன்னிரண்டு. வாரக் கூலி வாங்கும் ஊருக்கென்றே தைத்த அளவு! எனக்குப் பேச்சு நின்றுபோனது.

அந்த வாரம் டிராயின் பழைய அறிக்கைகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 2018 மார்ச்சில் நாட்டில் மொத்த தொலைபேசி இணைப்புகள் சுமார் 120 கோடி. ஏழு வருசம் கழித்து, 2025 மார்ச்சிலும் சுமார் 120 கோடியேதான். "உலகின் வேகமாக வளரும் சந்தை" என்று மேடைக்கு மேடை பேசுகிறார்களே, அந்த வளர்ச்சி எங்கே போனது? பிராட்பேண்டில் இருக்கிறது. மொபைல் டேட்டாவையும் சேர்த்த அந்தக் கணக்கு இதே காலத்தில் 41 கோடியிலிருந்து 94 கோடி ஆகிவிட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலையை உடைத்ததன் தொடர்ச்சி அது. அப்புறம், தலைக்கு எவ்வளவு கறக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. ஏர்டெல்லுக்கு ஒரு வாடிக்கையாளரிடமிருந்து 2018-இல் மாசம் 100 ரூபாயை ஒட்டிக் கிடைத்தது. 2024-இன் கடைசிக் காலாண்டில் 245.

எண்ணிக்கை ஏன் அசையவில்லை என்பதற்குக் கடைக்காரர் வைத்திருக்கும் விடை எந்த அறிக்கையையும்விடச் சுருக்கம்: "லைஃப்டைம் செத்துப் போச்சுல்லங்க." 2005 கடைசியில் வந்த திட்டம் அது. ஒரு தடவை காசு கட்டினால் போதும், இன்கமிங் வந்துகொண்டே இருக்கும். கையில் ரெண்டு மூணு சிம் வைத்திருப்பது செலவில்லாத விஷயமாக இருந்தது. 2018 கடைசியில் ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும், 28 நாளுக்கு 35 ரூபாயாவது போட்டால்தான் இணைப்பு என்றன. அந்தக் குறைந்தபட்சம் ஏறி ஏறி 2024 ஜூலையில் 199-இல் வந்து நின்றது, ஜியோவில் 189. கூடவே அளவில்லாத பேச்சும் கொஞ்சம் டேட்டாவும் தருகிறார்கள், உண்மைதான். ஆனால் போன் வந்தால் எடுக்க மட்டும் சிம் வைத்திருந்தவருக்கு அதெல்லாம் எதற்கு?

திருப்பூரில் இந்த இரண்டாவது சிம் சொகுசுக்காக வைத்திருப்பது அல்ல. தன்பாத்–ஆலப்புழா ரயிலில் வந்து இறங்குகிறவருக்கு ஊர் நம்பரில்தான் பேங்க், ஆதார், அம்மாவின் போன் எல்லாம். இங்கே வாங்கிய நம்பர் சூப்பர்வைசருக்கும் மெஸ்காரருக்கும். பீகாரில் வாங்கிய சிம் திருப்பூர் ராயபுரத்தில் மணியடித்தாலும் பீகார் கணக்கில்தான் ஏறும். அப்படியும் பீகார் வட்டத்தில், அதாவது ஜார்க்கண்டையும் சேர்த்து, நூறு பேருக்கு 57 இணைப்புதான். டெல்லியில் 270-க்கும் மேல். இது தலைகளின் எண்ணிக்கை இல்லை, சிம்களின் எண்ணிக்கை என்பதை மறந்துவிட்டுத்தான் நாம் "120 கோடிப் பேர்" என்று எழுதுகிறோம். நானும் முன்பு அப்படி எழுதியிருக்கிறேன். லைன் வீட்டில் ஒருவர் ஹாட்ஸ்பாட் போட, ஆறு பேர் படம் பார்த்தால் அதுவும் ஒரே இணைப்புதான்.

டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள பேக் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி கொண்டுவந்தது. வந்தன: 84 நாளுக்கு ஜியோ 448, ஏர்டெல் 469. நாளுக்கு வகுத்துப் பார்த்தால் மலிவுதான். ஆனால் ஒரே சனிக்கிழமையில் அவ்வளவையும் எடுத்து வைக்க வேண்டும். ஒரே ஒரு நம்பரை உயிரோடு வைத்திருக்க!

அதற்கும் கடையில் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். போன சனிக்கிழமை ஒடிசாப் பெண் ஒருத்தி, ஃப்ளாட்லாக் டெய்லர், இரண்டு நம்பரையும் சொல்லிவிட்டு எதற்குப் போடுவது என்பதைச் சொல்லாமல் நின்றாள். கடைக்காரர் நீள நோட்டைத் திறந்து விரலை ஓட்டினார். போன நாலு வாரம் திருப்பூர் நம்பர். "இப்ப ஊர் நம்பர் முறைம்மா" என்றார். அவள் தலையாட்டினாள். சூப்பர்வைசருக்கு இனி நாலு வாரம் அறைத்தோழியின் நம்பர்.