காற்று போனால் நிற்கும் வண்டி

தாம்பரத்திலோ, 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் நிலையத்திலோ பேருந்து வந்து நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். ஓட்டுநர் இருக்கையை விட்டு எழுவதற்கு முன், பக்கத்தில் உள்ள ஒரு சிறு கைப்பிடியை நகர்த்துவார். உடனே 'புஸ்' என்று பெருமூச்சு விட்டதுபோல ஓர் ஓசை கேட்கும். "பிரேக்குக்குக் காற்று ஏறுகிறது" என்று அருகில் நிற்பவர் உங்களுக்கு விளக்கம் சொல்லக்கூடும். நம்பிவிடாதீர்கள். காற்று ஏறவில்லை, வெளியேறுகிறது. காற்று வெளியேறுவதால்தான் அந்த வண்டி அசையாமல் நிற்கிறது!

இது எப்படி என்று பார்ப்போம். ஓடும் பேருந்தில் ஓட்டுநர் மிதியை அழுத்தும்போது, தொட்டியில் அடைத்து வைத்த அழுத்தக் காற்று சக்கரத்தருகே உள்ள ஒரு வட்டப் பெட்டிக்குள் பாய்கிறது. அங்குள்ள ரப்பர் சவ்வைத் தள்ளுகிறது. சவ்வு ஒரு தண்டைத் தள்ள, பிரேக் கட்டைகள் விரிந்து சக்கர உருளையின் உட்புறத்தில் உராய்கின்றன. இங்கே காற்றுதான் வேலைக்காரன். பின்சக்கரப் பெட்டிகளின் முதுகில் மட்டும் இன்னோர் அறை இருக்கும். அதற்குள் தடித்த சுருள்வில் ஒன்று எப்போதும் விரியத் துடித்துக்கொண்டிருக்கும். வண்டி ஓடும்போதெல்லாம் அந்த வில்லை அமுக்கிப் பிடித்திருப்பது காற்றே. நிறுத்தும்போது அக்காற்றைத் திறந்து விடுகிறார்கள். வில் விரிகிறது, பிரேக் பிடிக்கிறது.

வில்லின் வலிமையைக் கணக்கிட்டுப் பாருங்கள். சவ்வின் பரப்பு ஏறத்தாழ 190 சதுர செ.மீ., காற்றழுத்தம் சதுர செ.மீ.க்கு 6 கிலோ என்று கொண்டால், காற்று தரும் விசை 1,140 கிலோ எடைக்குச் சமம். இவ்வளவும் ஒரு வில்லை அடக்கத் தேவைப்படுகிறது. பணிமனையில் இந்த அறையைத் தெரியாதவர் கழற்றினால் உயிருக்கே ஆபத்து என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

காலையில் முதல் பேருந்து கிளம்புமுன் சிறிது நேரம் எஞ்சினை ஓடவிட்டு நிற்பதும் இதனால்தான். இரவில் காற்று கசிந்து தொட்டி காலியாகியிருந்தால், மறுபடி நிரம்பும்வரை வில் வண்டியை விடாது. ஓட்டுநர் வீணாகப் புகை விடுகிறார் என்று முணுமுணுக்கும் பயணிகள் அவர் முன்னால் உள்ள அழுத்தமானியின் முள்ளை எட்டிப் பார்க்கலாம். வெளிநாடுகளில் படுக்கை, சமையலறையுடன் வீட்டையே சக்கரத்தின்மேல் ஏற்றிச் செல்லும் வண்டிகளில், பேருந்து அளவுக்குப் பெரியவற்றிலும் இந்த அமைப்பையே காணலாம்.

இதன் பின்னுள்ள சிந்தனை பழையது. 1869இல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்ற அமெரிக்கர் ரயிலுக்குச் செய்த முதல் காற்றுப் பிரேக்கில், குழாய் அறுந்தால் பிரேக்கும் போய்விடும். 1872இல் அதை அவர் தலைகீழாக்கினார். குழாயில் காற்று இருக்கும்வரை ரயில் ஓடும். குழாய் அறுந்தால் பிரேக் தானே விழும். பழுது ஏற்படும்போது எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று இயந்திரத்துக்கு முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டார்! இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று மட்டுமே நம் பாடங்கள் கற்பிக்கின்றன. அது வேலை செய்யாமல் போனால் என்ன ஆகும் என்ற கேள்வி தேர்வுத்தாளில் வருவதில்லை. வர வேண்டும் என்பது என் கருத்து.

அந்தக் கேள்வியை வெஸ்டிங்ஹவுஸின் பிரேக்கையே பார்த்துக் கேளுங்கள். ஒவ்வொரு ரயில் பெட்டியிலும் பிரேக்கை அழுத்திப் பிடிப்பது வில் அல்ல. அப்பெட்டியின் தொட்டியில் சேமித்த காற்று. அது மணிக்கணக்கில் மெல்லக் கசியும். 2013 ஜூலை 6 அதிகாலையில், கனடாவின் லாக்-மேகான்டிக் நகருக்கு மேலே சரிவில் நிறுத்தப்பட்டிருந்த 72 எண்ணெய்ப் பெட்டிகள் கொண்ட ரயிலில் இதுவே நடந்தது. எஞ்சின் அணைக்கப்பட்டது, காற்று கசிந்தது. போட்டிருந்த கைப்பிரேக்குகள் போதவில்லை. ரயில் உருண்டுபோய் நகர நடுவில் கவிழ்ந்து தீப்பிடித்ததில் 47 பேர் இறந்தார்கள். நம் நாட்டிலும் 2024 பிப்ரவரி 25 அன்று கதுவா நிலையத்தில் நின்ற, 53 பெட்டிகளில் ஜல்லி ஏற்றிய சரக்கு ரயில், ஓட்டுநர் இல்லாமலே 70 கி.மீ.க்கு மேல் ஓடிப் பஞ்சாபுக்குள் போய் நின்றது. நல்லவேளையாக எவருக்கும் காயமில்லை. அதைத் தடுக்கத் தண்டவாளத்தில் மரக்கட்டைகளைப் போட்டார்கள். நிறுத்தி வைக்கும் ரயிலின் சக்கரத்தைச் சங்கிலியால் கட்டி, அடியில் ஆப்பு வைக்கும் வழக்கம் ரயில்வேயில் இருப்பது இத்தகைய கசிவுக்குப் பயந்துதான்.

அப்படியானால் வில் உள்ள பேருந்துக்குக் கவலையே இல்லையா? வில் கசியாது, உண்மை. ஆனால் ஹூக்கின் விதி அதற்கும் பொருந்தும். சுருங்கியிருக்கும் வில் விரிய விரிய அதன் விசை குறையும். பிரேக் கட்டைகள் தேய்ந்து இடைவெளி கூடினால், வில் அதிக தூரம் விரிந்த பிறகே கட்டை உருளையைத் தொடும். அதற்குள் வலிமையில் ஒரு பகுதி போயிருக்கும். மேலும், காற்று போய் நடுவழியில் நின்ற வண்டியை இழுத்துச் செல்வதற்காக மெக்கானிக் ஒரு நீள போல்ட்டை முடுக்கி வில்லைச் சுருக்கிக் கட்டிவிடுவார். அந்த நொடி முதல் வண்டிக்கு நிறுத்து பிரேக்கே கிடையாது. 16 டன் எடையுள்ள தண்ணீர் லாரி ஒன்று, 20 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும் சரிவில் இப்படி நிற்பதாக எண்ணுங்கள். அதைக் கீழே இழுக்கும் விசை 800 கிலோ எடைக்குச் சமம்.

ஆகவே, பல்லாவரம், குரோம்பேட்டைத் தெருக்களில் லாரியை நிறுத்திவிட்டுக் கிளீனர் ஓடிப்போய்ச் சக்கரத்துக்கு அடியில் கல் வைப்பதைக் கண்டு சிரிக்காதீர்கள். அவர் செய்வது நல்ல பௌதிகம். கல்லைத் தாண்ட வேண்டுமானால் சக்கரம் அதன்மேல் ஏற வேண்டும். அதாவது, அந்தப் பாரத்தைச் சற்றே மேலே தூக்க வேண்டும். கசியவோ தளரவோ அதில் ஒன்றுமில்லை. தாம்பரம் விமானப்படைத் தளத்தில் விமானச் சக்கரங்களுக்கு ஆப்பு வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். சரிவின் கீழ்ப்பக்கம் வைக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

எனக்குள்ள குறை கல்லின்மேல் அல்ல, அதை அப்படியே விட்டுச் செல்வதன்மேல்தான். லாரி கிளம்பிவிடும், கல் சாலை நடுவில் கிடக்கும். இரவில் சைக்கிளிலோ ஸ்கூட்டரிலோ வருபவர் அதில் மோதி விழுவார். பெரிய வண்டி ஒவ்வொன்றும், முக்கியமாகப் பள்ளிப் பேருந்து, கயிறு கட்டிய இரண்டு மர ஆப்புகளைச் சுமக்க வேண்டும். கயிற்றின் மறுமுனையை வண்டியிலேயே கட்டிவிட்டால், மறந்து கிளம்பினாலும் ஆப்பு பின்னாலேயே இழுபட்டு வரும்.