சாப்பாட்டுப் படமும் படுக்கைப்புண்ணும்: முதியோர் இல்லத்தை எதை வைத்து அளப்பது?

ஆகஸ்ட் திருவிழாவுக்குத் தலவில போய்வந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. பாலாவியிலிருந்து கற்பிட்டி செல்லும் வீதியில் வான்களும் பஸ்களும் வரிசையாக வருகின்றன. மன்னார், யாழ்ப்பாணம், சிலாபம், நீர்கொழும்பு என்று எல்லாத் திசைகளிலிருந்தும் ஆட்கள். கடற்கரை மணலில் மரங்களுக்குக் கீழே கூடாரம் அடித்து நாட்கணக்கில் தங்குகிறார்கள். அநேகமாக ஒவ்வொரு கூடாரத்திலும் பாயில் ஒரு முதியவர் இருப்பார். ஒருவர் தண்ணீர் பருக்குவார், இன்னொருவர் கைத்தாங்கலாகக் கோயிலுக்குக் கூட்டிப்போவார். புனித அன்னம்மாள் மரியாளின் தாய், அதாவது இயேசுவுக்கு அம்மம்மா. அம்மம்மாவின் கோயிலுக்குத் தங்கள் அம்மம்மாவைக் கூட்டிவருகிறார்கள் என்றுதான் எனக்கு எப்போதும் தோன்றும்.

திருவிழா முடிந்ததும் கூடாரங்கள் கழற்றப்படும். அந்த முதியவர்கள் திரும்பிப் போகும் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் இப்போதைய கேள்வி.

புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்துக்கு இந்தக் கேள்வி விசித்திரமான வடிவத்தில் வந்து சேர்ந்திருக்கிறது. இதே மாவட்டத்தின் தெற்குக் கரையில் உள்ள வென்னப்புவவைச் 'சின்ன இத்தாலி' என்று அழைப்பார்கள். அங்கிருந்தும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் பல்லாயிரம் பேர் இத்தாலிக்குப் போனார்கள். அவர்களில் கணிசமானோர் செய்யும் வேலை, இத்தாலிய முதியவர்களை வீட்டில் வைத்துப் பராமரிப்பது. அந்த வேலைக்கு அங்கே 'பதான்தே' என்று தனிப் பெயரே உண்டு. வடக்கே கற்பிட்டிப் பக்கத்தில் பெண்கள் மத்திய கிழக்குக்குப் போனார்கள். இப்போது இஸ்ரேலுக்கும் இலங்கையிலிருந்து பராமரிப்பாளர்கள் போகிறார்கள். குளிப்பாட்டவும் புரட்டிப் படுக்கவைக்கவும் மருந்து நேரம் பார்க்கவும் தெரிந்த கைகளை ஏற்றுமதி செய்யும் கரை இது. அந்தக் கைகளைப் பெற்ற தாய்மாரை இங்கே யார் குளிப்பாட்டுகிறார்கள்?

வடக்கின் நிலைமையும் வேறல்ல, காரணம்தான் வேறு. இத்தாலிக்குப் போனவர்களை வறுமை அனுப்பியது. எங்கள் பிள்ளைகளைப் போர் அனுப்பியது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுக் கற்பிட்டியிலும் புத்தளத்திலும் முகாம்களில் குடியேறிய முஸ்லிம்களில் அன்று நாற்பது வயதில் இருந்தவர்களுக்கு இன்று எழுபத்தைந்து. யாழ்ப்பாணத்தில் மகனை லண்டனுக்கும் மகளை ரொறன்ரோவுக்கும் அனுப்பிவிட்டு வீட்டைக் காத்திருந்தவர்களுக்கும் அதே வயதுதான். 2012 குடிசன மதிப்பீட்டில் நாட்டின் சனத்தொகையில் 65 வயதுக்கு மேற்பட்டோர் 7.9 வீதம். 2024இல் அது 12.6 வீதம். வயது போவது இயற்கை. வயது போகும்போது வீட்டில் ஆள் இல்லாமல் இருப்பது இயற்கை அல்ல.

ஆகவே முதியோர் இல்லங்கள் கூடுகின்றன. அரசினது, திருச்சபையினது, கோயில்களினது, புலம்பெயர் நன்கொடையில் எழுந்தவை, கட்டணம் வாங்கி நடத்தும் தனியார் இல்லங்கள் எனப் பலவகை. பெற்றோரை இல்லத்தில் விடுவது பாவமா இல்லையா என்று இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறோம். அந்த விவாதத்தின் சத்தத்தில், விட்ட இடம் நல்ல இடமா என்ற கேள்வி காதில் விழுவதில்லை.

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை அந்தக் கேள்விக்கு எப்படி விடை தேடுகிறது? வட்ஸ்அப்பில் படம் வரும். வெள்ளை ரைல்ஸ் பதித்த தரை, புது மின்விசிறி, வரிசையாகப் போட்ட கட்டில்கள். அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்குக் காசு அனுப்பினால் அன்றைய மதியச் சாப்பாடு அவர் பெயரில் நடக்கும். வாழையிலை, வடை, பாயசம், பின்னால் அப்பாவின் படம், முன்னால் கைகூப்பியபடி முதியவர்கள். அதைப் பார்த்து மனம் நிறையும். இந்த வழக்கத்தை நான் குறைசொல்லவில்லை. பல இல்லங்களின் அடுப்பு எரிவதே இந்தத் திவசங்களாலும் பிறந்தநாட்களாலும்தான். ஆனால் அந்தப் படம் பராமரிப்பைப் பற்றி எதையும் சொல்லாது. யாருடைய திவசமும் இல்லாத செவ்வாய்க்கிழமை இரவு பத்து மணிக்கு அந்த இல்லத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் பராமரிப்பு.

வைத்தியப் பராமரிப்பின் தரத்தை எப்படி அளப்பது என்று உலகத்துக்கு வழிகாட்டியவர் அவெடிஸ் டொனபேடியன். ஆர்மீனியப் படுகொலைக்குத் தப்பி ஓடிய குடும்பத்தில் 1919இல் பெய்ரூட்டில் பிறந்து, பாலஸ்தீனத்தின் ரமல்லாவில் வளர்ந்தவர். அகதிக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் இந்தக் கேள்விக்குள் போனது தற்செயலாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். 1966இல் அவர் எழுதிய கட்டுரை தரத்தை மூன்று இடங்களில் தேடச் சொன்னது. என்ன இருக்கிறது, என்ன செய்கிறார்கள், கடைசியில் ஆளுக்கு என்ன நேர்கிறது. ரைல்ஸும் மின்விசிறியும் முதலாவதுக்குள் அடக்கம். நன்கொடையாளர் பார்ப்பது பெரும்பாலும் அதோடு நின்றுவிடுகிறது, ஏனென்றால் படத்தில் விழுவது அது மட்டுமே.

மற்ற இரண்டையும் பார்க்க நேரில் போகவேண்டும், சொல்லாமல் போகவேண்டும். நீங்கள் வரமுடியாவிட்டால் ஊரிலிருக்கும் உறவினர் ஒருவரைப் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு அனுப்புங்கள். படுக்கையில் கிடப்பவரின் முதுகின் அடிப்பகுதியையும் குதிக்காலையும் பார்க்கச் சொல்லுங்கள். படுக்கைப்புண் முதலில் வருவது அங்கேதான். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க ஆளில்லாத இடத்தில் அது வந்தே தீரும். தண்ணீர்க் குவளை கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா? நகம் வெட்டியிருக்கிறதா? நடக்கக்கூடிய ஆளுக்கும், கொமட்டுக்குக் கூட்டிப்போகச் சோம்பல்பட்டு, பம்பர்ஸ் கட்டிவிட்டிருக்கிறார்களா? போன மாதம் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று பொறுப்பாளரிடம் கேட்டால் கொப்பியைப் பார்த்துச் சொல்கிறாரா, அல்லது இங்கே யாரும் விழுவதில்லை என்கிறாரா? இரண்டாவது பதிலைச் சொல்லும் இடத்தில் எனக்கு நம்பிக்கை குறையும். வயதானவர்கள் விழுவார்கள். விழுந்ததை எழுதிவைக்கும் இடம்தான் கவனிக்கும் இடம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர் என்ற கணக்கு. ஒரே ஒரு பெண் முப்பது பேரைப் பார்க்கும் இரவில் அன்புக்கு இடமில்லை. அவள் எவ்வளவு நல்லவளாக இருந்தாலும் இல்லை. பணியாளர் அடிக்கடி மாறும் இடத்தில் யாருக்குச் சீனி வருத்தம், யாருக்கு விழுங்கக் கஷ்டம் என்று ஒருவருக்கும் தெரியாது. சம்பளம் போதாமல் பயிற்சி பெற்றவர்கள் வெளிநாடு போவதும், முதியவரின் முதுகில் புண் வருவதும் ஒரே கதையின் இரண்டு முனைகள்.

எங்கள் மக்களுக்கென்று இன்னும் இரண்டு அளவுகோல்கள் வேண்டும். எந்த நாட்டின் படிவத்திலும் அவற்றை நான் கண்டதில்லை.

ஒன்று மொழி. நீர்கொழும்பிலிருந்து புத்தளம் வரையான கரையில் கத்தோலிக்கக் குடும்பங்கள் பல, பள்ளிக்கூட மொழி மாறியதால் ஓரிரு தலைமுறைக்குள் தமிழிலிருந்து சிங்களத்துக்குப் போய்விட்டன. அம்மம்மா செபமாலை சொல்வது தமிழில், பேரப்பிள்ளை கதைப்பது சிங்களத்தில். மறதிநோய் வந்தால் பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவுவதுண்டு, குழந்தைப் பருவத்து மொழி நின்று பிடிக்கும். அப்போது சுற்றியிருப்பவர்கள் ஒருவருக்கும் அது விளங்காவிட்டால், வயிறு நோகிறது என்று சொல்வதும் புலம்பலாகத்தான் கேட்கும். தெற்கில் சிங்களப் பணியாளர் மட்டுமே உள்ள இல்லத்திலும், கனடாவில் ஆங்கிலம் மட்டுமே கேட்கும் இல்லத்திலும் எங்கள் முதியவர்களுக்கு நேர்வது இதுதான். இரவு முறையில் தமிழ் தெரிந்த ஒருவராவது இருக்கிறாரா என்பது ஒரு சலுகை அல்ல, மருந்தைப் போன்ற தேவை.

மற்றது போர். உடலில் இன்னும் எறிகணைத் துண்டோடு இருப்பவர்கள் இருக்கிறார்கள். கோயில் வெடிக்குக் கட்டிலுக்குக் கீழே போகப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். முதியோர் இல்லம்கூடப் போருக்கு வெளியே நின்றதில்லை. 2000ஆம் ஆண்டு மே மாதம் தென்மராட்சிச் சண்டையில் கைதடி முதியோர் இல்லமே எறிகணைக்குள் அகப்பட்டது. 2009இல் பிள்ளையைக் கையளித்துவிட்டு, 2017 முதல் வீதியோரப் பந்தலில் இருந்து, பதில் கிடைக்காமலே முதுமைக்குள் போன தாய்மார் இருக்கிறார்கள். அப்படி ஒரு தாய் ஒவ்வொரு பின்னேரமும் "தம்பி வந்திட்டானோ?" என்று கேட்டால், பணியாளர் என்ன சொல்லவேண்டும்? செத்துப்போனான் என்றா, நாளைக்கு வருவான் என்றா? இரண்டும் சொல்லக்கூடாத பதில்கள். பக்கத்தில் இருந்து "தம்பியைப் பற்றிச் சொல்லுங்கோ அம்மா" என்று கேட்கத் தெரிந்தவர் வேண்டும். இல்லத்தில் சேர்க்கும்போது சீனி வருத்தம், பிரஷர் எல்லாவற்றையும் எழுதுகிறோம். இவர் எதை இழந்தவர் என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? இலங்கையில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் இருக்கிறது. முதியோருக்கான தேசிய சபையும் தேசிய செயலகமும் அதனால் வந்தவை. பெற்றோரை வேண்டுமென்று கைவிடக்கூடாது என்கிறது. பிள்ளைகளிடம் பராமரிப்புப் பணம் கோர ஒரு சபையை ஏற்படுத்தியிருக்கிறது. இல்லம் நடத்துவோர் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது. ஆனால் பதிவுச் சான்றிதழ் சுவரில் தொங்குவதற்கும், கடைசியாக யார் எப்போது வந்து எதைப் பார்த்து என்ன எழுதினார் என்று குடும்பத்துக்குத் தெரிவதற்கும் இடையில் பெரிய தூரம்.

இங்கிலாந்தில் பராமரிப்புத் தர ஆணைக்குழு ஐந்து கேள்விகளை வைத்து இல்லங்களுக்குத் தரம் போடுகிறது. பாதுகாப்பானதா, பலன் தருகிறதா, கனிவானதா, தேவைக்கேற்ப நடக்கிறதா, நன்றாக நிர்வகிக்கப்படுகிறதா. 2015 முதல் அந்தத் தரத்தை வருபவர் கண்ணில் படும்படி வைக்கவேண்டும். லண்டனில் இருக்கும் எங்கள் ஆட்கள் அங்கே மாமிக்கு இடம் பார்க்கும்போது அந்த அறிக்கையை வரி வரியாக வாசிக்கிறார்கள். அதே ஆட்கள் ஊரில் அம்மாவுக்கு இடம் பார்க்கும்போது ரைல்ஸைப் பார்த்துத் திருப்திப்படுகிறார்கள். ஏன் இந்த வித்தியாசம்? ஊரில் நடப்பது தொண்டு, தொண்டைக் கேள்வி கேட்கக்கூடாது என்ற எண்ணம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் பரிசோதனை முறை இருந்தால் போதும் என்றும் ஏமாறவேண்டாம். ஒன்ராறியோவில் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களுக்கு முழுமையான பரிசோதனை என்ற ஏற்பாடு இருந்தது. 2019இல் 626 இல்லங்களில் 9க்கு மட்டுமே அது நடந்தது. மற்றவற்றுக்குப் பெரும்பாலும் முறைப்பாடோ பாரதூரமான சம்பவம் பற்றிய அறிக்கையோ வந்தால்தான் பரிசோதகர் போனார். அடுத்த ஆண்டு கொரோனா வந்தது. உதவிக்கு அனுப்பப்பட்ட கனடிய இராணுவத்தினர் ஐந்து இல்லங்களில் கண்டதை எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஐந்தில் ஒன்று, எங்கள் மக்கள் செறிந்து வாழும் ஸ்காபுறோவில் இருந்தது. 2020 மே 26இல் வெளியான அந்த அறிக்கையில் கரப்பொத்தான்கள், மாற்றப்படாமல் நனைந்து கிடந்தவர்கள், கூப்பிட்டும் ஆள் வராத நேரங்கள் எல்லாம் இருந்தன. பிறகுதான் ஒருவருக்கு நாளுக்கு நான்கு மணித்தியால நேரடிப் பராமரிப்பு என்ற இலக்குச் சட்டத்தில் வந்தது. கட்டடத்தை விட்டுக் கைகளின் நேரத்தை எண்ணத் தொடங்கியது நல்ல மாற்றம். அதற்குக் கொடுத்த விலை மிகப் பெரிது.

எங்களிடம் பயன்படுத்தாத கருவி ஒன்று இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்த இலங்கைப் பிரசையும் அரச நிறுவனத்திடம் தகவல் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழிலேயே எழுதலாம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலைநாட்களுக்குள் அறிவிக்கவேண்டும். வெளிநாட்டுப் பிரசையாகி இலங்கைப் பிரசாவுரிமையை விட்டவர்கள் ஊரிலுள்ள ஒருவரைக் கொண்டு கேட்பிக்கலாம். உங்கள் அம்மா இருக்கும் இல்லம் பதிவுசெய்யப்பட்டதா, கடைசியாக எப்போது அதிகாரி போனார், என்ன குறிப்பு எழுதினார், இரவில் எத்தனை பணியாளர் என்று பதிவாகியிருக்கிறது என்ற நான்கு கேள்விகளையும் முதியோருக்கான தேசிய செயலகத்துக்கோ மாகாண சமூக சேவைகள் திணைக்களத்துக்கோ அனுப்பலாம். அடுத்த திவசத்துக்குக் காசு அனுப்பும்போது, அதில் ஒரு பங்கு பாயசத்துக்கு வேண்டாம், இரவு முறைக்கு இன்னொரு ஆளின் சம்பளத்துக்கு என்று இல்லத்துக்கு எழுதியும் அனுப்பலாம்.