உங்கள் வீட்டு 'விண்டோஸு'க்கு யார் மார்க் போடுவது?

விண்டோஸ் என்றதும் எக்ஸ்பியும் விண்டோஸ் 11-ம் நினைவுக்கு வருகிறதா? இந்த மாதம் நான் எழுத வந்தது சுவரில் இருக்கும் நிஜ ஜன்னலைப் பற்றி! "இந்தப் பத்திரிகையில் இதற்கு என்ன வேலை?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். புதுக் கம்ப்யூட்டர் வைத்த அறைக்கு அடுத்து ஏ.சி. வரும். ஏ.சி. வந்ததும் கரண்ட் பில் ஏறும். அந்த பில்லில் ஜன்னலுக்கும் பங்கு உண்டு.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். மேற்குச் சுவரில் நான்குக்கு நான்கு அடியில் ஒரு கண்ணாடி ஜன்னல். பரப்பு சுமார் ஒன்றரை சதுர மீட்டர். மாலை வெயில் அதன் மேல் சதுர மீட்டருக்கு 500 வாட் விழுவதாக வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கண்ணாடி அதில் சுமார் 80 சதவீதத்தை உள்ளே விட்டுவிடும். அதாவது 600 வாட். உங்கள் கம்ப்யூட்டர் மானிட்டரோடு சேர்ந்து 150 வாட் எடுக்கிறது என்றால், நான்கு கம்ப்யூட்டர்கள் ஒரே அறையில் ஓடுவது போன்ற வெப்பம் இது! 40 சதவீதம் மட்டுமே விடும் கண்ணாடியாக இருந்தால் 300 வாட்டோடு போய்விடும்.

வெயிலின் வெப்பத்தில் எத்தனை பங்கு உள்ளே வருகிறது என்பதைச் சொல்லும் எண்ணுக்கு எஸ்.எச்.ஜி.சி. என்று பெயர். 0 முதல் 1 வரை இருக்கும். கடலூர், சிதம்பரம் போன்ற ஊர்களுக்கு இது குறைவாக இருப்பதே நல்லது. இன்னொரு எண் யு-வேல்யூ. உள்ளும் புறமும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தால் எவ்வளவு வெப்பம் கடக்கிறது என்று காட்டும். மூன்றாவது எண் வெளிச்சத்துக்கு. இது மிகவும் குறைந்தால் பகலிலேயே டியூப்லைட் போட வேண்டியதுதான். கண்ணாடிக் கதவுகளுக்கும் இதே கணக்குதான்.

இந்த எண்களைச் சொல்வது யார்? இங்கேதான் சிக்கல். எங்கள் அண்ணாமலை நகர்ப் பக்கம் வீடு கட்டுபவர்கள் பலர் மர ஜன்னலை விட்டு அலுமினியம், யு.பி.வி.சி. என்று மாறி வருகிறார்கள். "ஹீட் புரூப் சார், பில் பாதியாகிவிடும்" என்கிறார் விற்பவர். யார் சோதித்தது என்று கேட்டால் கம்பெனியின் கேட்டலாக்கையே நீட்டுகிறார்!

சாப்ட்வேர் துறையில் இது செல்லாது. நான் எழுதிய புரோகிராமுக்கு நானே ஓ.கே. போட முடியாது. டெஸ்டிங் பிரிவில் வேறொருவர் அதை உடைத்துப் பார்த்த பிறகுதான் வெளியே போகும். எழுதியவன் கண்ணுக்கு அவன் தப்பு தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மனம் வராது.

பழைய கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் மூலையில் தெரிந்த எனர்ஜி ஸ்டார் முத்திரையைப் பலர் பார்த்திருப்பீர்கள். 1992-ல் அமெரிக்காவில் கம்ப்யூட்டர், மானிட்டருக்காகத் தொடங்கிய திட்டம் அது. அந்நாட்டு அரசின் தணிக்கை அமைப்பு, உலகத்திலேயே இல்லாத 20 பொருட்களுக்கு அந்த முத்திரை கேட்டு விண்ணப்பித்துப் பார்த்தது. 15 பொருட்களுக்குக் கிடைத்துவிட்டது! அதில் ஒன்று பெட்ரோலில் ஓடும் அலாரம் கடிகாரம். 2010-ல் இந்த அறிக்கை வெளியானது. 2011 முதல் வெளியார் சான்று கட்டாயமானது.

ஜன்னலுக்கு இப்படி ஒரு ஏற்பாடு அமெரிக்காவில் முன்பே உண்டு. 1989-ல் உருவான என்.எப்.ஆர்.சி. என்ற லாப நோக்கற்ற அமைப்பு ஜன்னல், கதவுகளுக்கு லேபிள் தருகிறது. கண்ணாடிக்கு மட்டுமின்றி, சட்டத்தையும் சேர்த்து முழு ஜன்னலுக்கும் எண் கிடைக்கும். கணக்கிட உதவும் சாப்ட்வேரின் பெயர் என்ன தெரியுமா? 'விண்டோ'! லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் தயாரித்தது. இலவசம்தான். ஆர்வமுள்ளவர்கள் டவுன்லோடு செய்து பார்த்திடலாம்.

வெளிநாட்டு லேபிளை அப்படியே இங்கே ஒட்டிவிடலாமா? கூடாது. பிரிட்டனில் ஜன்னலுக்கு ஆங்கில எழுத்துகளில் கிரேடு தருகிறார்கள். அந்தக் கணக்கில் வெயிலின் வெப்பம் உள்ளே வந்தால் மார்க் கூடும். குளிர் நாட்டுக்கு அது சரி. கத்திரி வெயிலில் காயும் நமக்கு அது மைனஸ் மார்க் அல்லவா? அங்கே முதல் ரேங்க் வாங்கும் ஜன்னல் இங்கே பெயிலாகலாம்.

இந்தியாவில் வழி தெரியாமல் இல்லை. 2006-ல் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ. ஸ்டார் லேபிளைத் தொடங்கியது. 2010-ல் ஏ.சி.க்கு அது கட்டாயமானது. இன்று ஸ்டார் பார்க்காமல் ஏ.சி. வாங்குவோர் குறைவு. 2018-ல் வந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற வீட்டுக் கட்டட விதிகளில் எஸ்.எச்.ஜி.சி.யும் கணக்கில் வருகிறது. ஆனால் அது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கு. சிறு மனையில் கட்டுபவர் கடைக்குப் போனால், ஏ.சி.யில் இருப்பது போன்ற கட்டாய லேபிள் ஜன்னலில் இல்லை.

லேபிள் வந்தால் விலை ஏறும், ஊர்த் தச்சர் பிழைப்பு போகும் என்பார்கள். நியாயமான கவலை. ஒவ்வொரு ஜன்னலையும் லேபுக்கு அனுப்பத் தேவையில்லை. வழக்கமான மரச் சட்டம், இன்ன கண்ணாடி என்றால் இன்ன எண் என்று அரசே அட்டவணை வெளியிட்டால் தச்சரும் அதைக் காட்டி விற்கலாம். பெரிய கம்பெனிகள் மட்டும் சோதனைச் செலவை ஏற்கட்டும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது: எஸ்.எச்.ஜி.சி. எவ்வளவு, அது கண்ணாடிக்கா முழு ஜன்னலுக்கா, எந்த லேப் சோதித்தது என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஏற்கெனவே ஜன்னல் போட்டாயிற்றா? வெளிப்புறம் கீற்றோ சன்ஷேடோ போடுங்கள். உள்ளே தொங்கும் திரை, வெப்பம் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகுதான் தடுக்கும்.

கம்ப்யூட்டரில் விண்டோஸ் சரியில்லை என்றால் பார்மேட் செய்து மறுபடி போட்டுக்கொள்ளலாம். சுவரில் பதித்த ஜன்னலுக்கு அந்த வசதி கிடையாது. வாங்கும் முன்பே மார்க் ஷீட்டைக் கேட்பது நம் உரிமை.