மூச்சில் பிறந்த கலங்கள்

உருகிய கண்ணாடியைக் குழல்முனையில் எடுத்து, மூச்சால் ஊதிக் கலம் செய்யும் கலை, கி.மு. முதல் நூற்றாண்டில் மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் தோன்றியது. 1903-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மைக்கேல் ஓவன்ஸ் தானியங்கிப் பொறியை உருவாக்கும்வரை, பெரும்பாலான புட்டிகள் மனித மூச்சில் பிறந்தவையே. சுவரில் சிக்கிய காற்றுக் குமிழியும், அடியில் இரும்புக்கோலை ஒடித்தெடுத்த தழும்பும் அவற்றுள் பலவற்றின் அடையாளங்கள்.

இத்தகைய கலங்களைத் தேடிச் சேர்ப்போர் பலர். அழியவிருந்த பலவற்றை அவர்கள் காத்தனர் என்பது உண்மையே. எனினும், கலத்தை மட்டும் காத்தல் போதுமா? கல்லறையில் கிடைத்த குடுவை ஈமச்சடங்கைக் கூறும். அதே குடுவை மூழ்கிய கப்பலில் கிடைத்தால் கடல்வணிகத்தைக் கூறும். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த என்னியோன் என்னும் கலைஞர், அச்சில் ஊதிய தம் கலங்களில் பெயர் பொறித்தார். அவை கிடைத்த இடங்கள் பதிவு செய்யப்பட்டமையால், அவை கடல்கடந்து இத்தாலிவரை சென்றமை புலனாயிற்று.

இடத்தைக் குறிக்காமல் தோண்டி எடுப்பவர் கலத்தைக் காத்து, வரலாற்றை உடைக்கிறார். அகழ்வதைத் தொல்லியல் அறிஞரிடம் விடுதலும், கலம் வந்த வழியைக் கேட்டறிந்து எழுதி வைத்தலும் சேகரிப்போரின் கடமையாகும். அலமாரிக்கு முன்னர் அவர்களுக்குத் தேவைப்படுவது குறிப்பேடே.